மேகராசனின் கிரீடம்

சந்திரிகாவுக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக் கோளாறு ஒன்றும் இல்லை. மயிலாப்பூர் லஸ் பக்கத்தில் சபா வாசலில் கட்டியிருந்த பேனர்தான் காரணம். பேனரில் மாளவிகா நின்றாள். முகமெல்லாம் நீலமும் வெள்ளையும் பூசி, வைக்கோல் பிரி வைத்துக் கட்டிய பாவாடை குடையாக விரிந்திருக்க, ஒரு காலைத் தூக்கியபடி. அழகாகத்தான் இருந்தாள், யார் இல்லை என்றது? ஆனால் அவள் தலையில் இருந்த கிரீடம் சந்திரிகாவின் அப்பாவுடையது. அவருக்கு முன்னால் தாத்தாவுடையது. பதித்த கண்ணாடித் துண்டு ஒன்று எப்போதோ விழுந்துபோன ஓட்டைகூடப் பேனரில் பளிச்சென்று தெரிந்தது.

சந்திரிகா பிறந்த வீடு கல்வராயன் மலைமேல் இருக்கிறது. ஊரில் அதை முடிவீடு என்பார்கள். கிரீடத்தை அங்கே முடி என்றுதான் சொல்வது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் மேகராசன் கூத்து நடக்கும். மேகராசன் முடியைக் கட்டி ஆடும் உரிமை அந்த வீட்டு ஆண்களுக்கு மட்டும்தான். தாத்தா ஆடினார், அப்பா ஆடினார், பிறகு அண்ணன் சடையன் ஆடினான். இப்போது சடையனுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. அவன் மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன் போனவன்தான். கூத்து என்ற வார்த்தை காதில் விழுந்தாலே போனை வைத்துவிடுகிறான்.

போன வருஷம் சந்திரிகாவே வாய்விட்டுக் கேட்டாள். கல்யாணமாகி மெட்ராசுக்கு வந்து எத்தனையோ காலமாகியும், அசோக் நகரில் அழகு நிலையம் வைத்து, வடபழனி மண்டபங்களுக்கெல்லாம் மணப்பெண் அலங்காரத்துக்குப் போய்வந்தும், அவளுக்கு அந்தக் கூத்தில் ஒரு வரி மறக்கவில்லை.

"அண்ணா, நான் கட்டிக்கிறேனே. பாட்டு பூரா எனக்கு வரும்."

"பொம்பள கட்டுனா மழை மலையேறாதுடி" என்றான் சடையன் போனில். "நீ போயி கல்யாணப் பொண்ணுக்குப் பவுடர் பூசு."

சரி, அத்தோடு போயிற்று என்று அவளும் விட்டிருப்பாள். ஆனால் அடுத்த மாசமே மயிலாப்பூரிலிருந்து ஒரு நாட்டியக்காரி மலைக்கு வந்து தங்கிக் கூத்து படிக்கிறாள் என்று செய்தி வந்தது. அப்புறம் முடி கட்டினாள் என்று வந்தது. அப்புறம் வீடியோவே வந்துவிட்டது.

சந்திரிகா அண்ணனைக் கூப்பிட்டாள். "அவங்க இன்னா ஆம்பளையா?"

"அவங்க வெளியாளுடி. கட்டுப்பாடு நம்ம வீட்டுப் பொம்பளைக்குத்தான். வெளியாளுக்கு ஏது?"

இந்த நியாயத்தை அவள் தினமும் மென்று தின்றாள். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கடையில் கூட இருக்கும் ஜுவேரியாவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த நூலை விட்டுவிட்டுச் சிரித்தாள். புருவம் திருத்திக்கொள்ள வந்திருந்த வாடிக்கையாளரும் சேர்ந்து சிரித்தார்.

"அப்போ நானும் வெளியாளுதானே? நா போய்க் கட்டிக்கட்டா? புர்க்கா மேலயே கிரீடம் வச்சுக்கினு ஆடறேன், உங்கண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"சிரிக்காத ஜுவேரியா. எனக்கு வயிறு எரியுது."

"எரியட்டும், எரியட்டும். ஆனா அந்த வீடியோவ ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி பாக்கற? போன் சூடாயிகீது பாரு."

உண்மைதான். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். எங்கே கால் பிசகுகிறது, எங்கே பாட்டு இறங்குகிறது என்று தேடுவாள். குரல் கொஞ்சம் மெல்லிசு. அது ஒன்று கிடைத்தது. மற்றபடி தப்புக் கிடைக்கவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. மோசமாக ஆடியிருந்தால் மகராசி நன்றாயிருக்கட்டும் என்று வாழ்த்தியே இருப்பாள்.

இப்படி வெந்துகொண்டிருந்தவளைத்தான் சடையன் சபாவுக்கு வரச் சொல்லியிருந்தான். மாளவிகாவுக்கு முகம் எழுத வேண்டுமாம். "நம்ம வீட்டு நிகழ்ச்சி, நீ இல்லாமலா?" என்று பெரிய மனசு வேறு.

ஒப்பனை அறையில் குளிர்சாதனம் ஓடியது. மலைமேல் கொட்டகைக்குள் உட்கார்ந்து அரிதாரம் பூசினால் வியர்வையில் பாதி வழிந்துவிடும். இங்கே முகத்தில் வைத்த கோடு வைத்தபடி நின்றது. மாளவிகாவின் முகமும் எழுத வாகாக இருந்தது. நீளமான நெற்றி. அதற்கும் சேர்த்து ஒரு எரிச்சல்.

"அக்கா, உங்க கை எவ்ளோ லேசா இருக்கு! அண்ணா எழுதினா கன்னமெல்லாம் இழுக்கும்" என்றாள் மாளவிகா.

அண்ணாவாம். சந்திரிகா அடுத்த புருவத்தை எழுதினாள்.

அப்போது சடையன் உள்ளே வந்தான். அவன் அன்றைக்குக் கட்டியங்காரன். கோமாளிக் குல்லாய், முகத்தில் புள்ளி, கையில் கோல். முட்டி தேய்ந்தவனுக்கு அந்த வேஷம்தான் மிச்சம். நின்ற இடத்தில் நின்று ராஜாவைக் கேள்வி கேட்டு, நக்கலடித்துச் சபையைச் சிரிக்க வைத்தால் போதும்.

"சந்திரி, ஒரு சிக்கல். முடி கட்டி உடற மாமன் வரலை. கீழ்த்தெருவுல அவரு பங்காளி செத்துட்டாராம். தீட்டு. முடி கட்டி உட ஆளு இல்ல."

"நீயே கட்டு."

"கட்டியங்காரன் முடியத் தொடக் கூடாது, தெரியாதா உனக்கு? வாத்தியக்காரங்க வேற வீடு. நம்ம சொந்தம் இங்க நீ ஒருத்திதான்." குரலைத் தணித்தான். "இது மயிலாப்பூருதானே. சாமியா பாக்கப் போவுது? சும்மா கட்டி உட்ரு."

"பொம்பள தொடலாமா?"

"கட்டிக்கத்தான் கூடாது. கட்டி விடலாம். போ, போ."

அவன் போய்விட்டான். மேடையில் மாளவிகா மைக் முன்னால் நின்று பேச ஆரம்பித்தாள். பூசிய முகமும் வெறுந்தலையுமாக, பாதி இங்கிலீஷ் பாதி தமிழில். மலையைப் பற்றி, மழையைப் பற்றி, முடிவீட்டைப் பற்றி. திரைக்குப் பின்னால் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு சந்திரிகா கேட்டாள்.

"இந்தக் கூத்துல சில விதிகள் ரொம்ப ப்யூட்டிஃபுல்" என்றாள் மாளவிகா. "திரை விலகினதும் ராஜா, தன்னோட முடிய யார் கட்டினான்னு சபைக்குச் சொல்லணும். ஒரு தடவ கழட்டிட்டா அதே தலை அன்னிக்கு மறுபடி கட்டிக்கக் கூடாது. நடுவுல ராஜாவால முடியலேன்னா, யார் கட்டி விட்டாளோ அவாதான் முடியக் கட்டிண்டு கூத்த முடிக்கணும். அதனாலதான் முடி கட்டறவரும் முழுக் கூத்தும் தெரிஞ்சவரா இருக்கணும். எவ்ளோ பெரிய நம்பிக்கை பாருங்கோ!"

சபை ஆஹா என்றது. சந்திரிகா மடியிலிருந்த கிரீடத்தைக் குனிந்து பார்த்தாள். பால்பல் விழுவதற்கு முன்பே தெரிந்த விதிதான். ஆனால் அண்ணன் அவசரத்தில் அவள் கையில் எதைக் கொடுத்துவிட்டுப் போனான் என்பது இப்போதுதான் உறைத்தது. கட்டி விடுகிறவள் கட்டிக்கொள்ளக் கூடியவள். அவன் மயிலாப்பூர் என்று அலட்சியமாக நினைத்துவிட்டான். கூத்துக்கு ஊர் தெரியுமா என்ன?

மாளவிகா உள்ளே ஓடிவந்து முக்காலியில் உட்கார்ந்தாள். கிரீடம் கனம். மரம், அதன்மேல் தகடு, அதன்மேல் கண்ணாடி. அப்படியே கட்டினால் விளிம்பு நெற்றியை அறுக்கும். அதனால் பழைய வேட்டித் துணியை மடித்துச் சும்மாடு மாதிரி உள்ளே வைத்துக் கட்டுவார்கள். துணி சந்திரிகாவின் கையில்தான் இருந்தது. மடித்துக்கூட விட்டாள். மடித்தவள் அதைக் கைப்பைக்குள் திணித்தாள். அவ்வளவுதான் செய்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

"இவ்ளோ அழுத்துமாக்கா? மலையில இப்படித் தெரியலையே."

"ஊருல காத்து குளிர்ச்சி. தெரியாது" என்று சொல்லிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள் சந்திரிகா.

இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் மாளவிகா போய் நின்றாள். மத்தளம் முழங்கியது. திரை விலகியது. கட்டியங்காரன் கோலைத் தட்டினான்.

"வாரும் ஐயா வாரும்! மேகத்துல வந்தீரா, மெட்ரோவுல வந்தீரா?" சபை சிரித்தது. "உம் தலையில இருக்கறது இன்னா, தண்ணி டாங்க்கா?"

"முடியடா மூடனே! மேகராசன் முடி!"

"கட்டினது யாரு?"

"முடிவீட்டுச் சந்திரிகா!"

சடையனுடைய கோல் தட்டுவதற்குப் பாதியில் நின்றது. சபைக்கு அது தெரிந்திருக்காது. சந்திரிகாவுக்குத் தெரிந்தது. அந்தக் கூத்து பிறந்த நாளிலிருந்து ஒரு பெண்ணின் பெயர் அந்த இடத்தில் சொல்லப்பட்டதில்லை. அவளுக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. ஒரு கணம், ஓடிப்போய்த் துணியை வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் மாளவிகா சுற்ற ஆரம்பித்தாள். மேகம் திரளுவதைக் காட்டும் சுற்று அது. பாவாடை விரிய விரியச் சுற்றினாள். சபை கைதட்டியது. அப்பா அப்படித்தான் சுற்றுவார். சந்திரிகாவின் மனசு மறுபடி கல்லாகிவிட்டது.

மலைமேல் கூத்துக்கு இடைவேளை கிடையாது. சபாவில் உண்டு. கேண்டீன்காரர் விடமாட்டார் அல்லவா? மேகராசன் சமவெளிக்கு இறங்கிவந்து, வஞ்சகர்களிடம் மழையைத் தோற்றுவிட்டுத் தலைகுனியும் கட்டத்தில் மணி அடித்தார்கள். ஜனம் கீரை வடைக்கு எழுந்தது.

மாளவிகா உள்ளே வந்தபோது தள்ளாடினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா விஜயலக்ஷ்மி பிளாஸ்க்கோடு பின்னாலேயே வந்தாள்.

"ஏண்டி, என்னடி இது நெத்தியெல்லாம்? ஐயோ, ரத்தம் கசியறதே!"

"ஒண்ணுமில்லம்மா. இப்படித்தான் இருக்கும். அவா எல்லாரும் தாங்கிக்கறாளே."

"நீ எதுக்குத் தாங்கிக்கணும்? நன்னாருக்கு!" என்று சொல்லி, சொன்ன கையோடு முடிச்சை இழுத்துக் கிரீடத்தைத் தூக்கி மேஜைமேல் வைத்துவிட்டாள் அந்த அம்மாள். பெற்ற வயிறு, அதற்கு விதி தெரியுமா?

மாளவிகா வீறிட்டாள். "அம்மா! கழட்டக் கூடாதும்மா!"

"ஏன், ரெண்டு நிமிஷம் ஆசுவாசப்படுத்திண்டு மறுபடி வச்சுக்கோயேன்."

"முடியாதும்மா! இப்போதான் அத்தனை பேர் முன்னால மைக்ல சொன்னேன்."

மேஜைமேல் கிரீடம் தனியாக மினுங்கியது. சந்திரிகா எழுந்து போய் அதன்மேல் கை வைத்தாள். அவளுக்கே தன் கை புதிதாக இருந்தது.

"கட்டினவதான் கட்டிக்கணும்" என்றாள்.

"அக்கா, உங்களுக்கு..." மாளவிகா தடுமாறினாள். "நீங்க மேடையேறினதே இல்லையே. அண்ணாவ ஒரு வார்த்த கேட்டுண்டு..."

"நீதானம்மா சொன்ன, முடி கட்றவங்களுக்கு முழுக் கூத்தும் தெரியும்னு."

நீங்க என்பது எப்போது நீ ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். எத்தனை மணப்பெண்களுக்கு முகூர்த்தம் தவறாமல் முகம் எழுதிய கை அது! நீலமும் வெள்ளையும் மடமடவென்று ஏறின. விஜயலக்ஷ்மியே பாவாடையைக் கட்டிவிட்டாள். "பாவம், இவளாவது முடிச்சு வைக்கட்டும்டி" என்று வேறு சொன்னாள்.

கிரீடம் கட்ட மாளவிகா பின்னால் வந்து நின்றாள். அவளைத் தவிர முழுக் கூத்தும் தெரிந்தவர் அந்த அறையில் வேறு யாரும் இல்லை. உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"இதுல சும்மாடு வைப்பாளே. எங்கக்கா அது?"

கண்ணாடியில் மாளவிகாவின் கண் மெதுவாக நகர்ந்தது. மேஜை, பூச்சு டப்பாக்கள், கைப்பை. கைப்பையின் வாயிலிருந்து வேட்டித் துணியின் கரை ஒரு விரல்நீளம் தொங்கிக்கொண்டிருந்தது.

நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள் மாளவிகா. துணியை எடுக்கவில்லை. அம்மாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கிரீடத்தைத் தூக்கி அப்படியே சந்திரிகாவின் தலையில் வைத்தாள். கயிற்றை இழுத்தாள். இன்னும் இழுத்தாள். மரத்தின் விளிம்பு நெற்றி எலும்பில் ஏறி உட்கார்ந்தது.

"சரியா இருக்காக்கா?"

"இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்றாள் சந்திரிகா.

மணி அடித்தது. திரைக்குப் பின்னால் நின்றபோது அவளுக்குத் திரையின் கீழே கட்டியங்காரனின் கால் தெரிந்தது. அவனுக்கும் இவள் கால் தெரிந்திருக்கும். மெட்டி போட்ட கால். சலங்கைக்குக் கீழே, குதிகால் வெடித்து, மலையில் பிறந்தவளின் அகலப் பாதம். சடையன் பேச்சு நின்றது. மத்தளக்காரர் இரண்டு தரம் தட்டி ஞாபகப்படுத்தினார்.

திரை விலகியது.

"வா... வாரும் ஐயா" என்றான் சடையன். வாய் கட்டியங்காரனாகவும் கண் அண்ணனாகவும் இருந்தது. "போன ராசா வேற, வந்த ராசா வேறயா இருக்கே?"

"கேண்டீன்ல வடை தின்னேன். ஊதிட்டேன்!"

சபை கொல்லென்று சிரித்தது. சந்திரிகாவுக்கே ஆச்சரியம். எங்கிருந்து வந்தது அந்தப் பதில்? மைக்கில்லாமலே கடைசி வரிசைக்குப் போயிருந்தது குரல்.

"முடி கட்டினது யாரு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"மயிலாப்பூரு மாளவிகா!"

வேறு வழி இல்லை, கூத்து நடந்தது. இனிமேல்தான் அவளுக்குச் சங்கடம் காத்திருந்தது. தோற்ற மேகம் திரும்ப மலையேறும் சுற்று. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எத்தனையோ தரம் சுற்றியிருக்கிறாள். மேடையில் மூன்றாவது சுற்றிலேயே விளக்கெல்லாம் ஓடியது. கால் தடுமாறியது. மூச்சு வாங்கியது. மத்தளக்காரர் அவளுக்காக வேகத்தைக் குறைத்தார். அந்த இரக்கம்தான் கிரீடத்தைவிட அதிகம் அறுத்தது. மாளவிகாவுக்கு அவர் குறைக்கவில்லை. குறைக்க வேண்டியிருக்கவில்லை. அவள் தன்னைவிட நன்றாக ஆடுகிறவள்தான் என்பது அப்போது, எல்லார் முன்னாலும், உடம்பு வழியாக அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

ஓரத்தில் பார்த்தாள். மாளவிகா நெற்றியில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள். முகத்தில் நோவு இல்லை. கண் கிரீடத்தின்மேலேயே இருந்தது. இமைக்கவில்லை. அந்தப் பார்வை சந்திரிகாவுக்கு நன்றாகத் தெரியும். போனைச் சூடாக்கிக்கொண்டு தான் பார்த்த அதே பார்வை. சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். பாயசம் குடித்த மாதிரி இருந்தது அவளுக்கு. இரண்டு சுற்றை விட்டுவிட்டு நின்றாள். ஆடினால்தானே தோற்பாள்? பாடினாள்.

மேகராசன் விடைபெறும் பாட்டு. ஒவ்வொரு மலையாகப் பெயர் சொல்லி, "நான் வரட்டா?" என்று கேட்க வேண்டும். "போய் வா ராசா" என்று பின்பாட்டு வரும். பெயர்கள் தீர்ந்ததும் பாட்டு தீரும். அப்போது கட்டினவர் வந்து முடியை அவிழ்க்க வேண்டும். அத்தோடு கூத்து முடிந்தது.

"தேன்பாறை மலையே, நான் வரட்டா?"

"போய் வா ராசா!"

"புலியூத்து மலையே, நான் வரட்டா?"

நெற்றியில் ஏதோ வழிந்தது. வியர்வையா வேறா என்று அவள் தொட்டுப் பார்க்கவில்லை. ஆட்டுக்கல் மலை, குரங்குப் பாறை, காத்தாடி முகடு. அப்பா நிறுத்தும் இடம் அதுதான். மாளவிகா ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டு, அவிழ்ப்பதற்காக மேடையில் கால் வைத்தாள்.

சந்திரிகா அவளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"பரங்கிமலையே, நான் வரட்டா?"

பின்பாட்டுக்காரர்கள் திகைத்தார்கள். சபை திகைக்கவில்லை. சிரித்துக்கொண்டே மொத்தமாகப் பாடியது: "போய் வா ராசா!"

மாளவிகா நின்றுவிட்டாள்.

"சின்னமலையே, நான் வரட்டா?"

"போய் வா ராசா!"

"போதும்டி" என்று சடையன் உதட்டை அசைக்காமல் சீறினான். "மலை தீந்துபோச்சு. எறங்கு."

அவன் சொன்னதும் வாஸ்தவம்தான். மெட்ராசில் அவளுக்குத் தெரிந்து வேறு மலை இல்லை. மாளவிகா இன்னும் ஓரடி வைத்தாள். கை முடிச்சை அவிழ்க்க நீண்டே விட்டது. சந்திரிகா பின்னுக்கு நகர்ந்து, மூச்சை முழுக்க இழுத்தாள்.

"வடபழனியே!" என்று எடுத்தாள், முன்னைவிட உசந்த குரலில்.